டீச்சரைக் கேளுங்கள்: கேரியர் என்றால் நோயாளியா?

கேள்வி: பட்டாணியை விதைக்கென்று காயவைத்தேன். அத்தனையும் சுருங்கிப் போயிற்று. கெட்டுப்போன விதையா?
– ஒரு விவசாயி, கேத்தி

கெடவில்லை ஐயா. பச்சையாகத் தின்றால் இனிக்கிற ரகம் அப்படித்தான் காயும். அதில் சர்க்கரை சரியாக மாவாக மாறாது. தண்ணீரும் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். அந்தத் தண்ணீர் வற்றும்போது தோல் சுருங்கிவிடுகிறது. ஒவ்வொரு மரபணுவும் செடியில் இரண்டு பிரதியாக இருக்கும்: தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. இரண்டுமே சுருக்கப் பிரதி என்றால்தான் விதை சுருங்கும். உருண்டைப் பிரதி ஒன்று இருந்தாலே விதை உருண்டைதான். அதனால் உருண்டை ஓங்கு பண்பு, சுருக்கம் ஒடுங்கு பண்பு. மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டல் இரண்டையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுக்க உருண்டையாக வந்தது. அந்தச் செடிகள் தமக்குள்ளேயே காய்த்துக் கொடுத்த 7,324 விதைகளில் 1,850 சுருக்கம்! காணாமல் போனதாக நினைத்தது உள்ளேயேதான் இருந்திருக்கிறது. தாராளமாக விதையுங்கள்.

கேள்வி: டீச்சர், முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்து 'சிக்கிள் செல் கேரியர்' என்று அட்டை கொடுத்தார்கள். அப்பா, அம்மா இருவரும் நன்றாக இருக்கிறார்கள். எனக்கு எப்படி வந்தது? இனி கல்யாணமே கூடாது என்கிறார் பெரியம்மா.
– ஒரு வாசகி, கூடலூர்

கண்ணு, நீ நோயாளி இல்லை. முதலில் இதை மனதில் வை.

மேலே பட்டாணிக்குச் சொன்னதுதான் இங்கேயும். சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினைச் செய்யும் மரபணு ஒன்று நம் 11ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறியதால், ஹீமோகுளோபின் சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற கண்ணிக்குப் பதில் வேலின் என்ற வேறு கண்ணி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு பிரதியும் இப்படி மாறியிருந்தால் சிவப்பணு கதிர் அரிவாள் போல வளைந்து, சின்ன ரத்தக்குழாய்களில் அடைத்துக்கொள்ளும். உயிர் போகிற மாதிரி வலிக்கும். இதுதான் சிக்கிள் செல் நோய். உனக்கு ஒரு பிரதிதான் மாறியிருக்கிறது; கேரியர் என்றால் அவ்வளவுதான். உன் பெற்றோரில் ஒருவராவது உன்னைப் போலவே கேரியராக இருப்பார். அவருக்கும் அது தெரிந்திருக்காது.

கோத்தகிரியில் பாடம் எடுத்த காலத்தில் இரண்டு டப்பா வைத்திருப்பேன். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக் காராமணி, ஒரு சிவப்புக் காராமணி. வெள்ளை நல்ல பிரதி, சிவப்பு மாறிய பிரதி. ஒரு டப்பா அப்பா, இன்னொன்று அம்மா, இருவருமே கேரியர். கண்ணை மூடி ஆளுக்கொன்றாக எடுத்தால் அதுதான் பிள்ளை. எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்த பிள்ளை. இரண்டும் சிவப்பாக வர வாய்ப்பு கால்வாசி; கலந்து வர பாதி; இரண்டும் வெள்ளையாக வர கால்வாசி. ஒரு நாள் ஒரு மாணவிக்கு நான்கில் மூன்று முறை சிவப்பு-சிவப்பு வந்தது. "கால்வாசி என்றீர்களே டீச்சர்" என்று முகம் வாடிவிட்டாள். டப்பாவுக்குப் போன முறை என்ன வந்தது என்று தெரியாதே! ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கு புதிதாகத் தொடங்கும். 'முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி வராது' என்று இருந்துவிடுகிறார்கள் சிலர். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதறும்.

இந்தியாவில் இதை முதலில் கண்டுபிடித்தது 1952இல், நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான். லேமன், கட்புஷ் என்ற இருவர் கண்டார்கள். அதை வைத்து 'அந்த ரத்தமே அப்படி' என்று பேசுகிறவர்களை என்னால் பொறுக்க முடியவில்லை. கேரியராக இருப்பவர்களைக் கடுமையான மலேரியா அவ்வளவாகத் தாக்குவதில்லை. மலேரியா இருந்த இடங்களில் அந்தப் பிரதி நிலைத்தது அதனால்தான். ஆப்பிரிக்காவிலும் அரபு நாடுகளிலும் அதே கதைதான்.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். தாராளமாகச் செய்துகொள். பேச்சு தொடங்கும்போதே மாப்பிள்ளையையும் இதே சோதனை செய்துகொள்ளச் சொல். அவரிடம் அந்தப் பிரதி இல்லையென்றால் பிள்ளைகளுக்கு இந்த நோய் வராது. கேரியராக வேண்டுமானால் இருக்கலாம். அவரும் கேரியர் என்றால், முடிவெடுக்கும் முன் இருவரும் மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பத்திலேயே சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் சோதனைக்குக் கூட்டிப் போ. பெரியம்மாவுக்கு இரண்டு டப்பாவும் நாலு காராமணியும் கொடு. அவரையே கண்ணை மூடி எடுக்கச் சொல். ஒரு டப்பாவில் மட்டும் சிவப்பைப் போடு, இன்னொன்றில் இரண்டும் வெள்ளை. எத்தனை முறை எடுத்தாலும் சிவப்பு-சிவப்பு வராது.