கோய் மீன் முட்டையிட்டது, குஞ்சு ஒன்றைக்கூடக் காணோம். ஏன்?

கொல்லைத் தொட்டியில் கோய் மீன்கள் முட்டையிட்டும் ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் பெற்றவையே தின்றிருக்கும். கோய் கெண்டை இனம். பிள்ளைப் பாசமெல்லாம் கிடையாது.

விடியற்காலையில் ஆண்கள் பெண்ணைத் துரத்தி முட்டும். அதற்கு முன்பே ஆகாயத்தாமரையையோ, பிரித்துவிட்ட நைலான் கயிற்றையோ போட்டு வையுங்கள். முட்டைகள் அதில் பசைபோல் ஒட்டும். முட்டையிட்டு முடிந்ததும் அதை அப்படியே குளோரின் இல்லாத வேறு தொட்டிக்கு மாற்றி, காற்றுக்குழாயை மெதுவாக ஓடவிடுங்கள். கண்ணாடிபோல் தெரிந்தால் உயிருள்ள முட்டை. பால்வெள்ளை என்றால் செத்தது. பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைக்கும் பரவும், கிள்ளி எடுத்துவிடுங்கள்.

25 டிகிரி வாக்கில் மூன்று நாளில் பொரிந்துவிடும். குஞ்சுகள் கண்ணிமை மயிர்போலச் சுவரில் ஒட்டித் தொங்கும். பதறித் தீனி போடாதீர்கள், வயிற்றிலேயே கருவுணவு இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் நீந்தத் தொடங்கியதும் ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் பொடி இறால் போன்ற உயிரி) குஞ்சுகளைக் கொடுங்கள். கிடைக்காவிட்டால் அவித்த மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழியலாம். கொஞ்சம் கூடினாலும் தண்ணீர் நாறிவிடும்.

அப்புறம், எல்லாமே தாயைப்போல் நிறத்தோடு வராது. கோய் வளர்ப்புக்குப் பேர்போன ஜப்பானின் நீகாட்டா பண்ணைகளிலேயே பெரும்பகுதியைக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தை வளர்க்கிறார்கள். கழித்ததை ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.