டே கேர் செலவும் வருமான வரியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் பிரிஸ்கோவில் வசிக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஆளுக்குச் சுமார் 90,000 டாலர் சம்பளம். மூன்று வயது மகன் டே கேருக்கும், ஏழு வயது மகள் பள்ளி முடிந்ததும் ஆஃப்டர் ஸ்கூலுக்கும் போகிறார்கள். 2026-ஆம் ஆண்டுக்கு அலுவலகத்தின் டிபென்டென்ட் கேர் எஃப்.எஸ்.ஏ.வில் (குழந்தைப் பராமரிப்புச் செலவுக்காகச் சம்பளத்திலிருந்து வரியில்லாமல் ஒதுக்கும் கணக்கு) பணம் ஒதுக்குவது நல்லதா, வரி தாக்கலின்போது டாக்ஸ் கிரெடிட் (கட்ட வேண்டிய வரியிலேயே கழியும் சலுகை) கோருவது நல்லதா? கோவையிலிருந்து விசிட்டர் விசாவில் வரும் அம்மாவுக்குக் கொடுக்கும் பணத்தையும் கணக்கில் காட்டலாமா?

பதில்: உங்கள் வருமானத்துக்கு எஃப்.எஸ்.ஏ.தான் லாபம். 2025 வரை குடும்பத்துக்கு 5,000 டாலராக இருந்த உச்சவரம்பு, 2026 முதல் 7,500 ஆகியிருக்கிறது. இது இருவருக்கும் சேர்த்துத்தான். உங்கள் நிறுவனம் புதிய வரம்பை ஏற்றிருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தொகைக்கு உங்கள் வரிப் படிநிலையின் 22 சதவீத வருமான வரியும் கிடையாது, சம்பளத்தில் பிடிக்கும் 7.65 சதவீத சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தமும் கிடையாது என்பதால், 7,500 முழுவதையும் ஒதுக்கினால் ஏறக்குறைய 2,220 டாலர் மிஞ்சும். டாக்ஸ் கிரெடிட்டிலோ, இரண்டு குழந்தைகளுக்கு 6,000 டாலர் வரையிலான செலவே கணக்கில் வரும். உங்கள் வருமானத்துக்கு அதில் 27 சதவீதம், அதாவது 1,620 டாலர் கிடைக்கும். இரண்டையும் முழுதாகப் பெற முடியாது. எஃப்.எஸ்.ஏ.வில் போட்டது அந்த 6,000-இல் கழிக்கப்படும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: செலவாகாமல் கணக்கில் மிஞ்சும் பணம் உங்களுக்குத் திரும்பி வராது. ஆகவே, நிச்சயமாகச் செலவாகும் தொகையை மட்டும் ஒதுக்குங்கள். 13 வயது நிறையும் வரை கோடைக்காலப் பகல் முகாம் கட்டணத்தைச் சேர்க்கலாம். இரவு தங்கும் முகாமைச் சேர்க்க முடியாது.

அம்மாவின் விஷயத்தில் என் பதில், கூடாது என்பதுதான். விசிட்டர் விசாவில் வந்தவர் சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதியில்லை. அவர் பெயரில் ஊதியம் காட்டினால், வரிச் சலுகையைவிட அவருடைய அடுத்த பயணம் பெரிய கவலையாகிவிடும். பாட்டி கிரீன் கார்டு உடையவராகவும், உங்கள் வரிப் படிவத்தில் சார்ந்தவராகக் காட்டப்படாதவராகவும் இருந்தால் பணம் கொடுக்கலாம். அவர் அதைத் தம் வருமானமாகக் காட்ட வேண்டும்.

டே கேரின் ஒன்பது இலக்க வரி எண்ணை இப்போதே ரசீதில் எழுதி வாங்கி வையுங்கள். வரி தாக்கலில் இந்தச் செலவைக் காட்டும் படிவம் 2441 அதைக் கேட்கும். மையம் மூடப்பட்டபின் அந்த எண்ணுக்காக அலைந்த பெற்றோர்களை நான் அறிவேன்.

கேள்வி: என் மனைவி எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) இருக்கிறார், வேலை அனுமதி இல்லை. தெரியாமல் எஃப்.எஸ்.ஏ.வில் 7,500 டாலர் ஒதுக்கிவிட்டேன். மகனுக்கு நான்கு வயது. என்ன ஆகும்?

பதில்: கணவன், மனைவி இருவரில் குறைவாகச் சம்பாதிப்பவரின் வருமானம் வரைதான் விலக்கு உண்டு. மனைவிக்குச் சம்பாத்தியம் இல்லாததால் முழுத் தொகையும் வரிக்கு உட்பட்டுவிடும். டாக்ஸ் கிரெடிட்டும் கிடைக்காது. ஆனால், அவர் ஆண்டில் ஐந்து மாதங்களாவது முழுநேர மாணவியாக இருந்தால், ஒரு குழந்தைக்கு, அவர் படித்த ஒவ்வொரு மாதத்துக்கும் 250 டாலர் சம்பாதித்ததாகச் சட்டமே எடுத்துக்கொள்ளும். ஒன்பது மாதம் படித்தால் 2,250 டாலர் வரை தப்பும். எச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை. அந்த வாய்ப்பு இல்லையென்றால், பிடித்தத்தை நடுவில் நிறுத்த முடியுமா என்று இந்த வாரமே அலுவலகத்தில் கேளுங்கள்.