மண்டபத்தில் வேலை, வீடு எங்கே பார்ப்பது?

கேள்வி: ஈரோட்டைச் சேர்ந்தவன். மண்டபத்தில் மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு வேலை கிடைத்திருக்கிறது. மே 5-ம் தேதி சேர வேண்டும். பகல் வேலைதான்; ஆறு மாதம் தகுதிகாண் பருவம். மனைவி வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர். மகள் ஜூனில் ஆறாம் வகுப்பு போகிறாள். அம்மாவுக்கு 68 வயது; சர்க்கரையும் இளைப்பும் உண்டு. வாடகைக்கு 10,000 ரூபாய் வரை தர முடியும். ராமேஸ்வரமா, மண்டபமா, ராமநாதபுரமா? மண்டபத்தில் கடலைப் பார்த்த வீடு ஒன்று 5 லட்சம் ஒத்திக்கு, அதாவது மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருக்க, வருவதாகப் புரோக்கர் சொல்கிறார். போட்டோ பார்த்ததிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அந்த வீடுதான் வேண்டும் என்று நிற்கிறார்கள். முடித்துவிடலாமா?

பதில்: முடிக்க வேண்டாம், தம்பி. போட்டோவில் கடல் தெரியும், குழாயில் என்ன வருகிறது என்று தெரியாது.

இந்தக் கரையில் வீடு கட்டுவதும், கட்டிய வீட்டைப் பழுது பார்ப்பதுமாக எனக்குப் பல வருடம் ஓடிவிட்டது. வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் ஈரோட்டிலும் கோயம்புத்தூரிலும் வீடு பார்த்த அதே கண்ணோடு இங்கேயும் பார்க்கிறார்கள். டைல்ஸ், மாடுலர் கிச்சன், பைக் நிறுத்த இடம் இதெல்லாம் கேட்பார்கள். வாடகை பேசி முடித்த பிறகு, போகிற போக்கில், "தண்ணி வசதி எல்லாம் இருக்குல்ல?" என்று ஒரு கேள்வி. "அதெல்லாம் பஞ்சமே இல்ல சார், போர் இருக்கு" என்று பதில் வரும். பொய் இல்லை, போர் இருக்கும். அதில் வருவது வாயில் வைக்க முடியாத உப்பாக இருக்கும்.

அதனால் முதலில் தண்ணீர். இங்கே ஒரு வீட்டுக்கு இரண்டு தண்ணீர் உண்டு. குடிக்க, சமைக்க நல்ல தண்ணீர். குளிக்க, துவைக்க, கக்கூசுக்குப் போர்த் தண்ணீர். நல்ல தண்ணீர் பெரும்பாலும் காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் குழாயில் வருவது. அது எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது, அந்த வீட்டுக்கென்று தனி இணைப்பு இருக்கிறதா, தெருக்குழாயில் பிடிக்க வேண்டுமா? இந்தக் கேள்விகளை வீட்டுக்காரரிடம் கேட்பதைவிடப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். அவர் மணியோடு சொல்வார்.

ஒரு கணக்கும் போடுங்கள். நகரங்களில் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டம் போடும் பொறியாளர்கள் வைத்துக்கொள்ளும் அளவு. நான்கு பேருக்கு 540. குழாய்த் தண்ணீர் நான்கு நாளைக்கு ஒரு தடவை வரும் தெருவில் அதையே முழுக்க நம்புவதென்றால் 2,000 லிட்டருக்கு மேல் பிடிக்கும் தரைத்தொட்டி வேண்டும். தொட்டி இல்லை, மொட்டை மாடியில் ஒரு 500 லிட்டர் டேங்க் மட்டும் என்றால் மிச்சத்துக்கு உப்புத் தண்ணீரும் ட்ராக்டர் தண்ணீரும்தான். குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு ஒரு 20 லிட்டர் கேன். கேன் 35 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 1,050 ஆகிறது. ட்ராக்டருக்குத் தனி. 8,000 ரூபாய் வாடகை மலிவு என்று தோன்றும் வீடு 10,000 ரூபாய் வீட்டைவிடச் செலவு வைப்பது இப்படித்தான்.

போர்த் தண்ணீரையும் சும்மா விடாதீர்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, பேனா மாதிரி பையில் போட்டுக்கொண்டு போகலாம். குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். வீட்டு ஆர்.ஓ. கருவிகளும் பெரும்பாலும் அந்த 2,000-க்குள்தான் சரியாக வேலை செய்யும். அதற்கு மேல் காட்டினால் "ஆர்.ஓ. மாட்டிக்கலாம் சார்" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். மீட்டர் இல்லையென்றால் பாத்ரூம் குழாயைப் பாருங்கள். திருகும் இடத்தில் வெள்ளையாகப் படை கட்டியிருக்கும். கையில் சோப்பு போட்டால் நுரை வராது.

பக்கத்துத் தெருவில் நல்ல தண்ணீர் என்றால் இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். ராமேஸ்வரம் கோயிலுக்குள் 22 தீர்த்தம் ஆடிவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு கிணறும் ஒரு ருசி என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கரையோர மணலில் மழைத் தண்ணீர் ஒரு அடுக்காகக் கடல் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். அளவோடு இறைத்தால் இனிப்பு. அளவு மீறி உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். போன வருடம் நன்றாக இருந்த போர் இந்த வருடம் உவர்த்துப் போவது இதனால்தான்.

இனி ஊர். ராமேஸ்வரத்தை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வேலை தீவில் என்றால் பேச்சு வேறு. உங்கள் வேலை பாலத்துக்கு இந்தப் பக்கம். தினமும் கடலைத் தாண்டிப் போய்வர ஒரு சாலை, ஒரு தண்டவாளம், அவ்வளவுதான் வழி. 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தியது முதல் 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரத்துக்கு ரயிலே கிடையாது. புயல் சின்னம் என்றால் சாலையிலும் யோசித்துத்தான் போக வேண்டும். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு வண்டிகள் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. யாத்திரிகர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் அதிகம் கிடைக்கும் என்பதால் மாத வாடகைக்காரரைத் தேடும் அவசரமும் அங்கே வீட்டுக்காரர்களுக்கு இல்லை.

மிச்சம் மண்டபமும் ராமநாதபுரமும். நீங்கள் கேட்காத ஊர் ஒன்று நடுவில் இருக்கிறது, உச்சிப்புளி. ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் சுமார் 35 கிலோமீட்டர் என்றால் கிட்டத்தட்டப் பாதி வழியில் வரும். பஸ் உண்டு, ரயில் நிலையம் உண்டு. தென்னந்தோப்பு, மணல் பூமி. கடற்படை விமானத் தளம் இருப்பதால் வெளிமாநிலக் குடும்பங்களும் இருக்கிறார்கள். வெளியூர்க்காரர் என்று யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். தனி ஆளாக வருகிறவருக்கும் புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கும் நான் சொல்லும் ஊர் அது.

உங்களுக்கு நான் ராமநாதபுரத்தைத்தான் சொல்வேன். மண்டபத்துக்கு வேலைக்குப் போவது நீங்கள் ஒருவர். நாள் முழுக்க வீட்டைச் சுற்றியே இருக்கப்போவது மற்ற மூன்று பேர். அம்மாவுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு இளைப்பு அதிகமானால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ராமநாதபுரத்தில்தான் இருக்கிறது. மகளுக்குப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வசதி, மனைவிக்கு நம்பகமான இன்டர்நெட், எல்லாமே டவுனில்தான் சுலபம். நீங்கள் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். சிரமம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அந்தச் சிரமம் உங்களோடு நிற்கும். உங்களுக்கு இரவுப் பணி போட ஆரம்பித்தால் இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும். அப்போது உச்சிப்புளி முன்னால் வரும்.

டவுனுக்குள் எந்தப் பக்கம்? கிழக்கே ராமேஸ்வரம் சாலையை ஒட்டிய பட்டணம்காத்தான், பாரதி நகர் பக்கம் பாருங்கள். கலெக்டர் ஆபீஸ் அங்கேதான். மண்டபம் பஸ்ஸுக்கு ஊரைக் கடந்து வர வேண்டியதில்லை. அரண்மனைப் பக்கம் கடைகண்ணிக்கு நல்லது, ஆனால் சந்துகள் குறுகல், வீடுகள் பழசு. ஊருக்கு வெளியே புதிது புதிதாக முளைத்திருக்கும் "நகர்"களில் கொஞ்சம் ஜாக்கிரதை. கண்மாய், ஊருணிக்கு அடுத்த பள்ளத்தை மனையாக்கியிருப்பார்கள். மே மாதம் போனால் கட்டாந்தரை, சுற்றிலும் சீமைக்கருவேலம், எல்லாம் அழகாகத்தான் இருக்கும்.

மே மாதம் வருகிறீர்கள் என்பதே ஒரு சிக்கல். இங்கே எந்த மாதத்தில் வீடு பார்க்கிறீர்களோ அந்த மாதத்துக் குறைதான் கண்ணில் படும். கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு தெரியும், வெள்ளம் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் பார்த்தால் நேர்மாறு. 2024 நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. வருடம் முழுவதும் பெய்வதில் பாதிக்குக் கிட்டத்தட்ட! அதனால் காம்பவுண்டு சுவரின் அடிப்பாகத்தில் தண்ணீர் நின்ற கோடு இருக்கிறதா என்று பாருங்கள். புது பெயின்ட் சுவரில் மறைத்திருந்தால் கேட்டின் கீழ்ப்பக்கத் துருவும் எதிர்வீட்டுச் சுவரும் காட்டிக்கொடுக்கும். சாலையைவிட வாசல்படி உயரமா தாழ்வா? பழைய வீடுகள் பல, சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் பள்ளத்துக்குப் போய்விட்டன.

அந்தக் கடல் பார்த்த வீட்டுக்கு வருகிறேன். மண்டபத்தில் வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். வாடைக்காற்று காலத்தில் வடகடல் பொங்கும், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல். உங்கள் புரோக்கர் அனுப்பிய வீடு எந்தப் பக்கம் பார்த்திருந்தாலும் வருடத்தில் சில மாதம் உப்பு ஈரமும் மணலும் நேராக வீட்டுக்குள்தான். ஃபேன் இறக்கை, ஃபிரிட்ஜ் கால், ஏ.சி.யின் வெளி யூனிட், உங்கள் பைக் செயின் எல்லாம் துருப்பிடிக்கும். ஈரோட்டிலிருந்து இரும்பு பீரோவைத் தூக்கிக்கொண்டு வர நினைத்தால் கொஞ்சம் யோசியுங்கள். (நான் கொண்டுவந்தது மூன்றாம் வருடம் காலை இழந்தது.)

அதைவிட முக்கியம் கூரை. உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவுக்கு இரும்பைவிட இரண்டு மூன்று மடங்கு இடம் வேண்டும். உள்ளே இடம் இல்லாததால் காரையைப் பிளந்துகொண்டு வெளியே வரும். தலைக்கு மேலே நேர்கோட்டில் பழுப்பாக ஒரு விரிசல் ஓடினால் அது கம்பி ஓடும் வழி. ஒரு கம்பால் தட்டிப் பாருங்கள், கணீர் என்று கேட்டால் சரி, பொத்தென்று கேட்டால் காரை உள்ளே விட்டுப்போயிருக்கிறது. அதன் கீழே அம்மாவின் கட்டிலைப் போடாதீர்கள். ஒரே இடத்தில் மட்டும் புதுப்பூச்சு தெரிந்தாலும் ஏன் என்று கேளுங்கள். தண்ணீர்த் தட்டுப்பாட்டில் உப்புத் தண்ணீரையே கலந்து கட்டிய வீடுகளும் உண்டு. சுவரின் கீழ் மூன்றடிக்கு வெள்ளைப்பொடி பூத்து பெயின்ட் உதிர்வது அதன் அடையாளங்களில் ஒன்று. இளைப்பு உள்ளவருக்கு அந்த ஈரச்சுவர் ஆகவே ஆகாது.

ஒத்தி. கணக்கைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். 5 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு பேங்கில் போட்டால் வருடத்துக்கு 35,000, மாதம் மூவாயிரத்துக்கும் குறைவு. அதை விட்டுக்கொடுத்தால் 10,000 ரூபாய் வாடகை மிச்சம். ஆனால் பணம் திரும்ப வருவது பெரும்பாலும் அடுத்த ஒத்திக்காரர் வந்த பிறகுதான். ஆறு மாதத்தில் வேலை சரிப்படவில்லை என்றால் நீங்கள் ஈரோட்டில், 5 லட்சம் மண்டபத்தில். சட்டத்தின் கண்ணில் ஒத்தி என்பது ஒருவகை அடமானம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். புரோக்கர் நீட்டும் 20 ரூபாய் பத்திரம் அதற்கு ஈடாகாது. வீட்டின் மேல் பேங்க் கடன் இருந்து, வீட்டுக்காரர் கட்டாமல் விட்டால், பேங்க் வந்து நிற்கும்போது அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாது. வில்லங்கச் சான்று பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அதோடு அசல் பத்திரத்தைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். "அது பேங்குல இருக்கு சார்" என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். எப்படியும் முதல் வருடம் ஒத்தி வேண்டாம். ஊர் பிடித்து, வேலை நிலைத்த பிறகு யோசியுங்கள்.

வாடகை ஒப்பந்தத்துக்கு வேறு சட்டம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பதினோரு மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. பத்து மாதம் கேட்டால் பேரம் பேச இது உதவும். காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் ஒரே மின் மீட்டரா என்று பாருங்கள். இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்பது ஓர் இணைப்புக்குத்தான். இரண்டு குடும்பமும் ஒரே மீட்டரில் ஓட்டினால் யூனிட் விலை மேல்படிக்கு ஏறும், யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் உங்கள் தலையில் கட்டுவார்.

இந்தப் பக்கம் வீட்டுக்காரர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பதும் சாவி மச்சான் கையில் இருப்பதும் சகஜம். மச்சான் நல்லவராகவே இருக்கட்டும். வீட்டு வரி ரசீதில் யார் பெயர், கையெழுத்துப் போடுகிறவருக்கு அதிகாரப் பத்திரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அட்வான்ஸை வீட்டுக்காரர் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். வெளிநாட்டுவாசிக்கு வாடகை தருகிறவர் அதில் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மே 5-ம் தேதி நீங்கள் மட்டும் வாருங்கள். ராமநாதபுரத்தில் ஒரு லாட்ஜிலோ மேன்ஷனிலோ நாலு வாரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம்; ஆலையில் வரத்து குறைவாக இருக்கும், சாயங்காலம் வீடு பார்க்க நேரம் கிடைக்கும். பள்ளி திறக்க ஜூன் ஆகும். முதல் வாரம் வீடே பார்க்காதீர்கள், பஸ்ஸில் போய்வந்து உடம்பு ஒத்துக்கொள்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டாம் வாரம் பிடித்த தெருக்களில் டீக்கடையிலும் இஸ்திரி வண்டியிலும் விசாரியுங்கள். புரோக்கர் இல்லாமலே பாதி வீடு கிடைக்கும். தண்ணீர் ட்ராக்டர் ஓட்டுகிறவரைப் பார்த்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, இந்தத் தெருவில் எந்தெந்த வீட்டுக்கு வாரம் எத்தனை நடை அடிக்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர் நடையே அடிக்காத வீட்டுக்கு வாடகை 500 கூடுதலாகக் கேட்டாலும் கொடுத்துவிடலாம்.