கேள்வி-பதில்: இருபது வயதைத் தாண்டிய பாய்மரப் படகை வாங்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் நண்பர்களின் படகில் பாய் விரித்துப் பழகியிருக்கிறோம். இப்போது சொந்தமாக ஒன்று வாங்க நினைக்கிறோம். 22 ஆண்டுகள் பழைய, 36 அடி நீளப் படகு ஒன்று பிடித்திருக்கிறது. உள்ளே புது மெத்தைகள், புது வரைபடத் திரை; வெளியே பளபளப்பு. ஏறக்குறைய இதே விலையில் 10 ஆண்டுகள் பழைய 30 அடிப் படகும் கிடைக்கிறது. 'வேறொருவர் முன்பணத்துடன் காத்திருக்கிறார்' என்று விற்பவர் அவசரப்படுத்துகிறார். எதை வாங்கலாம்?

பதில்: அந்த 'வேறொருவரை' மறந்துவிடுங்கள். படகைக் கரையேற்றிச் செய்யும் சோதனையிலும், பாய் விரித்துக் கடலில் ஓட்டிப் பார்ப்பதிலும் உங்களுக்குத் திருப்தி ஏற்பட்டால் மட்டுமே விற்பனை உறுதியாகும், இல்லையென்றால் முன்பணம் திரும்பி வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். படகைப் பரிசோதித்து அறிக்கை தரும் நிபுணரான சர்வேயரை நீங்களே தேர்ந்தெடுங்கள், கட்டணத்தையும் நீங்களே கொடுங்கள். விற்பவர் நீட்டும் பழைய அறிக்கை வேறொருவருக்காக எழுதப்பட்டது. அதில் பிழை இருந்தால் உங்களுக்குப் பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

22 ஆண்டு என்பதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 1970களில் வார்த்த கண்ணாடியிழைப் படகுகள் பல இன்றும் நன்றாக ஓடுகின்றன. அடிப்பகுதியில் கொப்புளம் தெரிந்தால் பலர் பதறி ஓடுகிறார்கள். மேற்பூச்சின் வழியே நீர் கசிந்து உள்ளே உள்ள பிசினோடு வினைபுரிவதால் வருவது அது. குத்தினால் காடி நெடியடிக்கும் திரவம் வரும். விலையைக் குறைத்துக் கேட்க அது நல்ல காரணம், ஆனால் அதனால் படகு மூழ்குவது மிக அரிது.

நான் உண்மையில் கவலைப்படுவது நாம் நடமாடும் மேல்தளத்தைப் பற்றித்தான். பல படகுகளின் தளம், இரண்டு கண்ணாடியிழை அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்துச் செய்யப்பட்டது. கைப்பிடிக் கம்பிகளையும் கயிறு கட்டும் கொம்புகளையும் பொருத்திய துளைகளில் அடைப்புப் பசை காய்ந்துபோனால், அந்த வழியாக நீர் இறங்கி மரம் உள்ளேயே உளுத்துப்போகும். மேலே வண்ணம் பூசினால் எதுவும் தெரியாது. சர்வேயர் சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே வருவார்; கணீரென்ற ஒலி மங்கி 'பொத்' என்று கேட்கும் இடங்களை எல்லாம் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது, பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் எஃகுக் கம்பிகள். இவற்றை 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் மாற்றிவிடுவது வழக்கம். பல காப்பீட்டு நிறுவனங்களும் கேட்கின்றன. 'மாற்றியாகிவிட்டது' என்று வாய்ச்சொல்லாகச் சொன்னால் போதாது, தேதியிட்ட ரசீது வேண்டும். கம்பிகளைப் படகோடு பிணைக்கும் தகடுகள் தளத்துக்குள் மறைந்திருக்கும் இடத்தில்தான் அரிக்கும். ஒன்றையாவது கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

படகு கவிழாமலிருக்க அதன் அடியில் பொருத்திய கனமான பகுதியான கீலைப் பற்றி ஒரு கேள்வியை நேரடியாகக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்: இந்தப் படகு எப்போதாவது தரைதட்டியிருக்கிறதா? 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் 'சீக்கி ரஃபிக்கி' என்ற பாய்மரப் படகின் கீல் கழன்று, அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தனர். அந்தப் படகு முன்பு தரைதட்டியிருந்ததையும், கீலைத் தாங்கும் உட்சட்டம் படகின் உடலிலிருந்து பிரிந்திருந்தால் அதை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கடினம் என்பதையும் பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. தரைப் பலகைகளைத் தூக்கி, கீல் போல்ட்டுகளைச் சுற்றி விரிசலோ துருக்கறையோ இருக்கிறதா என்று நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள்.

இனி 36 அடியா, 30 அடியா? நீளம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால், ஒரே வடிவப் படகின் எடை சுமார் 70 விழுக்காடு கூடிவிடும். பாயின் இழுவை, நங்கூரத்தின் கனம், துறையில் மோதினால் ஏற்படும் சேதம் எல்லாமே அதற்கேற்ப ஏறும். ஆனால் வேகம் பத்தில் ஒரு பங்குதான் கூடும். எனவே வேகத்துக்காகப் பெரிய படகு வேண்டாம். நால்வர் நிம்மதியாகத் தூங்குவதற்காக என்றால் வாங்கலாம். சோதனை ஓட்டத்தில் நீங்கள் தனியாகவும் உங்கள் கணவர் தனியாகவும் பாயைச் சுருக்கி, துறையில் அணைத்துக் காட்டுங்கள். ஒருவருக்குக் கடல்நோய் வந்தால் மற்றவர்தான் முழுப் படகையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இருவராலும் முடிந்து, தளமும் கீலும் தேறினால் 36 அடியை எடுங்கள். கம்பிகளுக்கு ரசீது இல்லையென்றால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். புது மெத்தைக்காக ஒரு காசும் கூடுதலாகத் தராதீர்கள்.

கேள்வி: படகில் தயாரிப்பாளர் பதித்த தகட்டில் 'ஏ' வகை என்று இருக்கிறது. பெருங்கடலைக் கடக்கலாம் என்று பொருளா?

பதில்: ஐரோப்பியச் சந்தையில் 1998 முதல் கட்டாயமான வகைப்பாடு இது. காற்றின் வலிமையைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 8-க்கு மேற்பட்ட காற்றையும் 4 மீட்டருக்கு மேற்பட்ட அலையையும் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது 'ஏ'. அந்த அளவுகள் வரை தாங்குவது 'பி'. சூறாவளி போன்ற அசாதாரண நிலைகள் 'ஏ' வகையிலும் சேராது. தகடு சொல்வது புதிய படகின் வடிவமைப்பை மட்டுமே. இன்றைய நிலையை அது சொல்லாது. குடும்பத்தோடு கரையோரம் செல்ல 'பி' தாராளமாகப் போதும். அதே தகட்டில் உள்ள அதிகபட்சச் சுமையையும் ஆட்களின் எண்ணிக்கையையும் கவனியுங்கள், விற்பனையில் யாரும் அதைப் பேசுவதில்லை.

கேள்வி: ஆண்டுச் செலவு விலையில் பத்து விழுக்காடு என்கிறார்களே?

பதில்: புதுப் படகுக்கு அது ஓரளவு பொருந்தும். மலிவாகக் கிடைத்த பழைய படகுக்கு அதை நம்பித் திட்டமிட்டால் சிக்கிக்கொள்வீர்கள். துறைக் கட்டணம், அடிப்பூச்சு, பாய், கயிறு எல்லாம் படகின் அளவைப் பொறுத்தவை; நீங்கள் எவ்வளவு குறைவாக வாங்கினீர்கள் என்பதை அவை பார்ப்பதில்லை. முதல் ஆண்டுக்கென்று தனியாக ஒரு தொகையைத் தொடாமல் வைத்திருங்கள்.

கேள்வி: படகோடு நான்கு உயிர்காப்பு அங்கிகளும் தருகிறார்கள். பிள்ளைகளுக்கும் அவை போதுமா?

பதில்: பெரியவர்களுக்கானவை என்றால் போதாது. பெரிய அங்கி நீரில் விழுந்ததும் குழந்தையின் தலைக்கு மேலே நழுவிவிடும். பிள்ளையின் எடைக்கு ஏற்றதாகவும், கால்களுக்கு இடையே செல்லும் பட்டை உள்ளதாகவும் புதிதாக வாங்குங்கள். அங்கியின் மிதப்பு விசையை நியூட்டனில் குறிப்பார்கள்; 50 நியூட்டன் என்று குறித்தவை கரையருகே நீந்தத் தெரிந்தவர்களுக்கானவை. பிள்ளைகளுக்குக் குறைந்தது 100 பாருங்கள். வாங்கியதும் ஆழமற்ற நீரில் அணிவித்து, முகம் நீருக்கு மேலே நிற்கிறதா என்று சோதியுங்கள். பழையவை தானாகக் காற்று நிரம்பும் வகை என்றால், வாயுக் குப்பியும் அதை இயக்கும் பகுதியும் காலாவதியாகியிருக்கின்றனவா என்று அன்றே பாருங்கள்.