நினைவகம் நிறைந்து நின்றுவிடும் தொலைநகல் இயந்திரம்

கேள்வி: சாவகச்சேரியில் உள்ள எங்கள் நொத்தாரிசு அலுவலகத்திலிருந்து பழைய காணி உறுதிகளின் பிரதிகளைக் கொழும்புக்குத் தொலைநகலில் அனுப்பும்போது, பத்துப் பன்னிரண்டு பக்கங்களிலேயே 'நினைவகம் நிறைந்துவிட்டது' என்று காட்டி இயந்திரம் நின்றுவிடுகின்றது. தட்டச்சுக் கடிதங்கள் என்றால் முப்பது பக்கங்களும் தடையின்றிப் போகின்றன. புதிய இயந்திரம் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. நினைவகத்தை நிரப்புவது பக்கங்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் அவற்றில் உள்ள கறுப்பு வெள்ளை மாற்றங்களே. ஏ4 தாளை மெல்லிய கிடைக்கோடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கோட்டையும் இயந்திரம் 1728 புள்ளிகளாகப் படிக்கின்றது. சாதாரணத் தெளிவில் மில்லிமீற்றருக்கு 3.85 கோடுகள் என்பதால், ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 இலட்சம் புள்ளிகள் சேர்கின்றன. இவற்றை அப்படியே வைத்திராமல், தொடர்ந்து வரும் வெள்ளைப் புள்ளிகள் எத்தனை, அடுத்து வரும் கறுப்புப் புள்ளிகள் எத்தனை என்ற நீளங்களை மட்டும் குறியீடுகளாகச் சுருக்கி எழுதிக்கொள்கின்றது. வெற்றிடம் மிகுந்த கடிதம் இதனால் மிகச் சிறிய இடத்தில் அடங்கிவிடும். பழைய உறுதியின் போட்டோப் பிரதியிலோ, பழுப்பேறிய தாளின் நிறம் பொடிப்பொடியான கரும்புள்ளிகளாக விழுந்திருப்பதால், ஒவ்வொரு சிறு புள்ளிக்கும் தனிக் குறியீடு வேண்டியதாகிச் சுருக்கம் பயனற்றுப் போகின்றது.

ஆகவே, பின்னணி வெளுக்கும்படி சற்று வெளிறிய பிரதி எடுத்து அதனை அனுப்புங்கள். படங்களுக்கான அமைப்பை உறுதிகளுக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அது சாம்பல் நிறத்தைப் புள்ளிக் கூட்டமாக்கி நினைவகத்தை விரைவில் நிரப்பும். நுண்தெளிவு கோடுகளை மில்லிமீற்றருக்கு 7.7 ஆக இரட்டிப்பாக்குவதால், எல்லைகளை விவரிக்கும் அட்டவணை போன்று எழுத்து நெருங்கிய பக்கங்களுக்கு மட்டும் அதனை வைத்துக்கொள்ளலாம். காணியின் எல்லையில் ஓர் எழுத்துத் தவறாகத் தெரிந்தாலும் வழக்கு வரை போகக்கூடும் என்பதால், அங்கே மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

எல்லாவற்றிலும் நல்ல வழி, பெரும்பாலான இயந்திரங்களில் உள்ள நேரடி அனுப்பல். முழுவதையும் முன்கூட்டியே உள்வாங்காமல், இணைப்புக் கிடைத்தபின் ஒவ்வொரு பக்கமாகப் படித்து அனுப்புவதால் நினைவகம் நிறைவதில்லை; மறுமுனை ஓய்வாகும்வரை தாள்கள் இயந்திரத்திலேயே காத்திருக்கும், அவ்வளவுதான். எதிர்முனை கிடைக்காமல் நினைவகத்தில் தேங்கியுள்ள பழைய அனுப்பல்களையும் பட்டியலில் பார்த்து நீக்கிவிடுங்கள்.

தாள் தீர்ந்தபின் வந்து சேரும் பக்கங்களும் இதே நினைவகத்தில்தான் தங்குகின்றன. மின்சாரம் நின்றால் பல இயந்திரங்களில் அவை அழிந்துவிடும் என்பதால், மாலையில் அலுவலகத்தைப் பூட்டுமுன் தாள் தட்டை நிரப்பி, தேங்கியவற்றை அச்சிட்டுவிடுங்கள்.