ஃபார்ச்சூனரின் பின்பக்க ஷாக் அப்சார்பரை வீட்டிலேயே மாற்றலாமா?

லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பழைய ஃபார்ச்சூனர். வேகத்தடை தாண்டிய பிறகும் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுகிறது. கடைசி வரிசையில் உட்காரும் பிள்ளைகளுக்குக் குமட்டல். பின்புறம் சற்றுத் தாழ்ந்தும் நிற்கிறது. ஷாக் மாற்றினால் எல்லாம் சரியாகுமா, நானே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்பானர் பிடித்துப் பழக்கம் இருந்தால் தாராளமாக மாற்றலாம். எங்கள் வண்டிக்கு நான்தான் வீட்டு வாசலில் மாற்றினேன். ஆனால் பின்புறம் தாழ்ந்திருப்பது அதனால் சரியாகாது. வண்டியின் எடையைச் சுமப்பது காயில் ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் குதிப்பதை அடக்குவது மட்டும்தான் ஷாக்கின் வேலை. உள்ளே பிஸ்டனின் சிறு துளைகள் வழியாக ஆயில் நெருக்கிக்கொண்டு போகும்போது ஆட்டம் சூடாக மாறி அடங்குகிறது. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை இருபுறமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். ஒரு பக்கம் குறைந்திருந்தாலோ, அதே மாடல் வண்டி வேறொன்றைவிட இரண்டு பக்கமும் குறைந்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஷாக் போய்விட்டதா என்று பார்க்க, வண்டியின் மூலையை அமுக்கி விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். கிட்டத்தட்ட இரண்டு டன் வண்டியில் அது பெரிதாக எதையும் காட்டாது. கீழே குனிந்து ஷாக்கின் உடம்பைப் பழைய துணியால் துடைத்துவிட்டு, சில நாள் ஓட்டியபின் பாருங்கள். லேசான எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருந்தால் கவலையில்லை. ஈரமாக வழிந்திருந்தால் சீல் போய்விட்டது. காய்ந்திருக்கிறது என்பதற்காக நல்ல ஷாக் என்றும் சொல்லிவிட முடியாது. உள்ளே வால்வு தேய்ந்திருக்கலாம். அதற்கு ஒரு வழி உண்டு. மோசமான சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டி வந்தவுடன் இரண்டு ஷாக்கையும் தொட்டுப் பாருங்கள். சைலன்சர் குழாய் பக்கத்தில் இருக்கும், கை பத்திரம். வேலை செய்கிற ஷாக் சூடாக இருக்கும். ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அது சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. ‘டொக் டொக்’ என்ற சத்தம் மட்டும்தான் பிரச்சினை என்றால் பல நேரம் புஷ்தான், அதாவது ஷாக்கின் முனையில் இருக்கும் ரப்பர்தான் காரணம்.

வாங்கும்போது ஜோடியாக வாங்குங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் வளைவில் வண்டி ஒரு மாதிரி போகும். எப்போதும் பாரம் ஏற்றுகிறவர் இல்லையென்றால் ஹெவி டியூட்டி ஆசை வேண்டாம், பிள்ளைகளின் குமட்டல் போய் முதுகுவலி வரும்.

இந்த வண்டியில் பின்னால் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அதனால் ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி தேவையில்லை. முன்பக்கம் இரண்டும் ஒன்றாக இருக்கும், அதை வீட்டில் தொடாதீர்கள்.

முதல் நாள் இரவே நட்டுகளில் துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்துவிடுங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்து, பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலுக்குக் கீழே இன்னொரு ஜாக்கி வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே நுழையவே கூடாது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கம். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் ஆக்சில் அளவுக்கு மேல் இறங்கி, பிரேக் ஹோஸை இழுத்து, ஸ்பிரிங்கையும் அது உட்காரும் இடத்தை விட்டு நகர்த்திவிடும்.

புது ஷாக்கை மாட்டும்முன் நேராக நிறுத்திப் பிடித்து, முழுதாக அமுக்கி இழுத்துச் சில முறை பம்ப் செய்யுங்கள். கடையில் படுத்தே கிடந்ததால் உள்ளே ஆயிலில் புகுந்த காற்று அதிலிருந்து பிரிந்துவிடும். பளபளக்கும் தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடிக்காதீர்கள். ஒரு கீறல் போதும், சீல் சீக்கிரமே கசியும். கழற்றிப் போடும் பழையதை எப்படிப் பிடித்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

பெரும்பாலும் கோட்டை விடுவது கடைசி முறுக்கில்தான். கீழ்ப்பக்கப் புஷ்ஷின் உள்குழாயைப் போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அதன்பின் ஆட்டம் முழுவதும் ரப்பர் முறுகுவதில்தான். ஆக்சில் தொங்கும்போதே டைட் செய்தால், சக்கரம் தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியே இருக்கும், சில மாதத்தில் கிழியும். அதனால் போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, வண்டியின் எடை சக்கரங்களுக்கு வந்தபின் டார்க் ரெஞ்சால் மேனுவலில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். உயரமான வண்டி, கீழே படுத்துக் கை நீட்ட இடம் இருக்கும். மெக்கானிக்கிடம் விட்டாலும் பக்கத்திலேயே நின்று, “அண்ணே, கீழே இறக்கி வச்சுட்டு ஃபுல் டைட் பண்ணுங்க” என்று சொல்லிவிடுங்கள். லிஃப்டில் தொங்கவிட்டே முடித்து அனுப்புகிறவர்கள் நிறையப் பேர்.

ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கிறது என்று அளவு சொன்னால் அதையும் இதோடு மாற்றிவிடுங்கள். ஷாக்கைக் கழற்றினால்தான் அதுவும் வெளியே வரும், இரண்டாவது கூலி மிச்சம். அப்புறம், ஷாக்கை மாற்றியதற்காக வீல் அலைன்மென்ட் செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பின்னால் ஒரே ஆக்சில், ஷாக் அதன் கோணத்தை மாற்றுவதில்லை. டயரில் ஏற்கெனவே திட்டுத் திட்டாகத் தேய்மானம் விழுந்திருந்தால் அதனால் வரும் ஊளைச் சத்தம் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்.