மூன்று நாளில் வெளியாகும் கட்டுரை

மதிப்பிற்குரிய ஐயா,

தனியார் கல்லூரி ஒன்றில் தமிழில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் இதழ்களுக்கு வாசகர்கள் எழுதிய கடிதங்கள்தான் என் ஆய்வுப்பொருள். எனக்கு வேண்டிய பழைய இதழ்களில் பாதிக்கு மேல் கைப்பேசியிலேயே கிடைத்துவிட்டன. கல்லூரி நூலகத்துக்குப் போய் ஒரு வருடமாகிறது. இனி நூலகமும் நூலகரும் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை.

இன்னொன்று. சென்ற வாரம் ஓர் ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. 2,500 ரூபாய் கட்டினால் மூன்று நாளில் என் கட்டுரையை இணையத்தில் வெளியிட்டுச் சான்றிதழும் தருவார்களாம். ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறது, யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் உண்டு என்கிறார்கள். என் நெறியாளர், "எல்லாரும் செய்வதுதானே, கட்டிவிடு" என்கிறார். நீங்கள் நூலகராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன். கட்டலாமா?

(பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன)

அன்புள்ள தம்பி,

கட்ட வேண்டாம்.

ஐ.எஸ்.எஸ்.என். என்பது இதழுக்குத் தரும் பதிவு எண், வண்டியின் நம்பர் பிளேட் மாதிரி. இந்தப் பெயரில் ஓர் இதழ் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். ஓட்டுபவருக்கு ஓட்டத் தெரியுமா என்று சொல்லாது. நம் நாட்டில் அந்த எண்ணைக் கட்டணமில்லாமலே தருகிறார்கள். யூ.ஜி.சி. 2018 மே மாதம், தான் ஏற்ற இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரேயடியாக நீக்கியது. பிறகு தரமான இதழ்களுக்கென்று கொண்டுவந்த 'கேர்' பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. எனவே இன்றைக்கு ஒருவர் "யூ.ஜி.சி. அங்கீகாரம்" என்று எழுதினால், எந்தப் பட்டியலில் என்று திருப்பிக் கேளுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இதழில் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் 2022 நவம்பர் விதிமுறையில் எடுத்துவிட்டார்கள். உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம். அதை வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மூன்று நாள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பழைய இதழ்களை அறிந்த இரண்டு பேராவது உங்கள் கட்டுரையை உட்கார்ந்து படித்து, இந்த ஆண்டு தவறு, இந்த முடிவுக்கு ஆதாரம் போதாது என்று எழுத வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். 2013இல் ஜான் பொஹானன் என்ற செய்தியாளர், பள்ளி வேதியியலைத் தாண்டிச் சற்றுத் தெரிந்தவர்கூடக் கண்டுபிடித்துவிடும் பிழைகளை வைத்து ஒரு போலிக் கட்டுரை தயாரித்தார். அதைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, எழுதுபவரிடம் கட்டணம் வாங்கும் 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அவர் அனுப்பிய இதழ்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்தியாவிலிருந்து நடப்பவை. அதைப் படித்த நாளில் எனக்கு உண்மையிலேயே அவமானமாக இருந்தது.

எப்படி இந்த இடத்துக்கு வந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வெளிநாட்டு ஆய்விதழ்கள் கப்பல் தபாலில் மாதக்கணக்காகத் தாமதித்து வரும். எங்களிடம் இல்லாத கட்டுரை வேண்டுமென்றால் டெல்லியிலிருந்த இன்ஸ்டாக் என்ற அறிவியல் ஆவண மையத்துக்கு எழுதி, ஒளிநகல் வரும்வரை காத்திருப்போம். கட்டுரையாசிரியருக்கே அஞ்சலட்டை போட்டு ஒரு பிரதி கேட்பதும் உண்டு. பதில் வந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு பேராசிரியர்கள் குழந்தை மாதிரி சிரித்ததைப் பார்த்திருக்கிறேன்.

1991 ஆகஸ்டில் பால் ஜின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் லாஸ் அலமோஸில் ஒரு கணினியில் தொடங்கிய ஆர்க்கைவ் அந்தக் காத்திருப்பை முடித்துவைத்தது. அச்சுக்குப் போகும் முன்பே கட்டுரையை அங்கே போட்டுவிடலாம், உலகில் எவரும் எடுத்துப் படிக்கலாம். அதன் நகல் தளம் ஒன்று நம் சென்னை தரமணியில், கணித அறிவியல் நிறுவனத்திலேயே இருந்தது. கிரிகோரி பெரல்மான் 2002 நவம்பரில் புவாங்கரே கருதுகோள் என்ற பழைய கணிதப் புதிருக்கான நிரூபணத்தின் முதல் பகுதியை ஆர்க்கைவில்தான் போட்டார். எந்த இதழுக்கும் அனுப்பவில்லை. ஆனால் மற்ற கணிதவியலாளர்கள் சில வருடங்கள் வரிவரியாகச் சரிபார்த்த பிறகே அது நிரூபணம் என்று ஏற்கப்பட்டது. வெளியிட ஒரு நாள் போதும். சரிபார்க்க அதே பழைய காலம்தான்.

இணையம் வந்ததும் அச்சுச்செலவும் தபால்செலவும் போயின. இதழ்களின் விலையும் இறங்கும் என்று நாங்கள் நம்பினோம். இறங்கவில்லை. "வாசகரிடம் வாங்காதே" என்ற திறந்த அணுக்கக் கோரிக்கை வலுத்தபோது, பல பதிப்பகங்கள் கட்டணத்தை எழுதுபவர் பக்கம் தள்ளிவிட்டன. 2020இல் நேச்சர் என்ற புகழ்பெற்ற அறிவியல் இதழ், கட்டுரையை எல்லாருக்கும் திறந்துவைக்க 9,500 யூரோ என்று அறிவித்தது. அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். நேச்சரில் கடுமையான தேர்வு நடக்கிறது, உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியவர்களிடம் எதுவும் நடக்காது. அந்த வேறுபாடு பெரியது. ஆனாலும் இரண்டும் ஒரே ஏற்பாட்டின் மேல்படியும் கீழ்ப்படியும். எழுதுபவர் காசு கொடுப்பார் என்று ஆனபின், எழுத வேண்டிய நெருக்கடியில் இருப்பவரைத் தேடிக் கடை விரிப்பவர்கள் வராமல் இருப்பார்களா?

வேறு வழியும் இருந்தது, இருக்கிறது. சி.வி. ராமன் 1934இல் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமி தன் இதழ்களைத் தன் தளத்தில் எல்லாரும் படிக்கத் திறந்துவைத்தது. மத்திய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்களை 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள் படிக்கலாம். உங்கள் கல்லூரி தனியார் கல்லூரி, அதனால் அந்தக் கதவு உங்களுக்கு இல்லை. ஒரே பல்கலைக்கழகப் பட்டத்துக்கு உழைக்கும் இரண்டு மாணவர்களில் ஒருவருக்குத் திறந்து இன்னொருவருக்குச் சாத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இனி நூலகர் எதற்கு என்ற கேள்வி. உங்கள் கைப்பேசிக்கு அந்தப் பழைய இதழ்கள் எப்படி வந்தன? செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு மனிதர், பிறர் பழைய தாள் என்று ஒதுக்கியதையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி இங்கேயே இருக்கச் செய்தது. 1994இல் சென்னையில் நூலகமாயிற்று. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் போயின. அந்த இழப்பைச் சுமந்த சமூகத்திலிருந்துதான் 2005இல் 'நூலகம்' மின்னூலகம் எழுந்தது. இப்படி ஒவ்வோர் இடத்திலும் யாரோ ஒருவர் பூச்சியரித்த பக்கத்தை விரித்து, படமெடுத்து, தலைப்பு, ஆண்டு, மலர், இதழ் எண் என்று தட்டச்சு செய்திருக்கிறார். அந்த நான்கு விவரம் இல்லையென்றால் உங்கள் தேடலில் எதுவுமே வந்திருக்காது. "வாசகரின் நேரத்தைக் காப்பாற்று" என்பது சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது. அந்த வேலையைத்தான் அவர்கள் உங்களுக்குச் செய்திருக்கிறார்கள்.

செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் தமிழ் ஆய்வேடுகளே சாட்சி. 'சோத்கங்கா' தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. தமிழில் உள்ளவற்றைத் திறந்து ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். பல, பக்கங்களின் படங்கள் மட்டுமே. இன்னும் பல, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடுபொறிக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசை. ஐந்து வருட உழைப்பு, எல்லார் கண்முன்னும் திறந்து கிடக்கிறது, யாராலும் கண்டெடுக்க முடியவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகும் எனக்கு இந்த ஒன்று ஆறவில்லை.

எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வாளர் உங்களுக்கு வந்ததைப் போன்ற ஒரு மின்னஞ்சலை நம்பிப் பணம் கட்டினார். கட்டுரையும் வெளியானது. இரண்டு வருடம் கழித்து நேர்காணலுக்காக அந்தச் சுட்டியைத் திறந்தார். தளமே இல்லை. பெயரைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். அவர் கையில் சான்றிதழ் மட்டும் இருந்தது.

உங்கள் துறையில் மெதுவாகப் படித்துத் திருத்தம் கேட்கும் இதழ் எது என்று உங்கள் கல்லூரி நூலகரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் அவரே விசாரித்துச் சொல்வார், அது அவர் வேலை. ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஆர்க்கிட் தளத்தில் இலவசமாக 16 இலக்க எண் ஒன்று பெற்றுக்கொள்ளுங்கள். நம் பெயர்களில் தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னால் வரும், ஓரிடத்தில் பின்னால் வரும், இன்னோரிடத்தில் அப்பா பெயராகவே விரியும். எண் இல்லாவிட்டால் ஒரே ஆள் மூன்று ஆளாகப் பதிவாகிவிடுவார். நெறியாளரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அந்த இதழின் ஆசிரியர் குழுவில் உள்ள இரண்டு பேருக்கு, "உங்கள் பெயர் இதில் இருப்பது உங்களுக்குத் தெரியுமா?" என்று மின்னஞ்சல் போட்டுவிட்டு, வரும் பதிலை அவரிடம் காட்டுங்கள்.

கட்டுரையை எனக்கும் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். பாமினியில் அடித்திருந்தால் முதலில் யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.